தடுப்பான் போட்டும் மூலையில் எட்டிப் பார்க்கிறது

பழையமோடம்:
அம்மாவின் லேப்டாப்பில் திரையின் வலது கீழ் மூலையில் "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்" என்று நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கிறது. போன வாரமே குரோமில் யூபிளாக் ஆரிஜின் லைட் என்ற விளம்பரத் தடுப்பானைப் போட்டுக் கொடுத்தேன். தளங்களில் விளம்பரம் ஒழிந்தது, இது மட்டும் போகிற வழியாக இல்லை. என் கட்சி இதுதான்: தடுப்பானை நாம் தேடிப் போடக் கூடாது, எல்லா உலாவியிலும் முதல் நாளே இருக்கணும். மறுப்பவர்கள் வரலாம்.

சிறுதளம்:
வந்துட்டேன். பழைய வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்ப்பது பற்றி ஒரு தளம் வைத்திருக்கிறேன். சர்வர் வாடகையைக் கட்டுவது பக்கவாட்டில் இருக்கும் ஒரே ஒரு விளம்பரப் பெட்டி. ஆடாது, சத்தம் போடாது, படிப்பதை மறைக்காது. உங்கள் தடுப்பானுக்கு அதுவும் வைரஸ் மிரட்டலும் ஒரே ஜாதி. முதல் நாளே எல்லாருக்கும் போட்டுவிட்டால் நான் கடையை மூட வேண்டியதுதான்.

பூட்டுச்சாவி:
சண்டைக்கு நடுவில் ஒரு சங்கதி. மோடம் அண்ணே, அம்மாவுக்கு வருவது பக்கத்தில் வரும் விளம்பரமே இல்லை, வெப் புஷ் அறிவிப்பு. "நீங்கள் ரோபோ இல்லை என்றால் அனுமதி என்பதை அழுத்துங்கள்" என்று ஏதோ ஒரு தளம் கேட்டிருக்கும், அவங்களும் அழுத்தியிருப்பாங்க. அந்த ஒரு அழுத்தலை உலாவி நினைவில் வைத்துக்கொள்ளும். அதன் பிறகு தளத்தைத் திறக்கவே வேண்டாம். உலாவியின் புஷ் சர்வர் வழியாகச் செய்தி வரும், தளம் உலாவிக்குள் விட்டுப்போன சர்வீஸ் வொர்க்கர் என்ற சின்ன நிரல் எழுந்து அதைக் காட்டும். தடுப்பான் வேலை செய்வது பக்கம் ஏறும்போது. இங்கே ஏறுவதற்குப் பக்கமே இல்லையே.

அமைப்புகள், தனியுரிமையும் பாதுகாப்பும், தள அமைப்புகள், அறிவிப்புகள் என்று உள்ளே போங்க. அனுமதித்த தளங்கள் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றாக நீக்குங்க. இனி எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்றால் அதே பக்கத்தின் மேலே அதற்கும் வழி இருக்கு.

பழையமோடம்:
பார்த்தேன். 11 தளங்கள்! இரண்டு செய்தித்தளம், மீதியில் பெரும்பாலும் பூனை கீபோர்டில் நடந்த மாதிரி பெயர்கள். அம்மாவைக் கேட்டால் "ஏதோ கேட்டுச்சு, சரின்னு போட்டேன்" என்கிறார். நீக்கியதும் மூலை அமைதியாகிவிட்டது, நன்றி.

ஆனால் சிறுதளம், நான் கட்சி மாறவில்லை. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ-யே, இணையத்தில் தேடும்போது விளம்பரத் தடுப்பு நீட்சி (எக்ஸ்டென்ஷன்) போட்டுக்கொள்ளுங்கள் என்று பொதுமக்களுக்கு அறிவுரை சொன்னது. அசல் நிறுவனத்தின் பெயரில் போலிகள் விளம்பரம் வாங்குவதால். இது பொழுதுபோகாதவன் புலம்பல் இல்லை.

சிறுதளம்:
அது தேடல் முடிவில் வரும் போலிகளைப் பற்றி. அதற்கும் என் பெட்டிக்கும் என்ன சம்பந்தம்?

பழையமோடம்:
உங்கள் பெட்டிக்குள் இப்போது என்ன ஓடுகிறது, சொல்லுங்கள் பார்ப்போம்?

சிறுதளம்:
...தெரியாது. விளம்பர வலையமைப்பு அனுப்புவது ஓடும். ஆளுக்கு ஆள் மாறும். சில வகைகளை வேண்டாம் என்று சொல்லலாம், அவ்வளவுதான் என் அதிகாரம். சரி, அந்த இடத்தில் என்னிடம் பதில் இல்லை.

பூட்டுச்சாவி:
பாப்-அப் விளம்பரம் பிறந்த கதையே இதுதானே. பயனர்கள் சொந்தப் பக்கம் அமைத்துக்கொள்ளும் ட்ரைபாட் தளத்தில் அதற்கு நிரல் எழுதியவர் ஈத்தன் சக்கர்மேன். ஒரு கார் நிறுவனத்தின் விளம்பரம் ஆபாசப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட, நிறுவனம் குதித்ததாம். பக்கத்தோடு ஒட்டாமல் தனி ஜன்னலில் காட்டினால் பிரச்சினை தீரும் என்று இவர் கணக்குப் போட்டிருக்கிறார். 2014-இல் கட்டுரை எழுதி மன்னிப்பும் கேட்டார். விளம்பரம் கொடுத்தவர் முகம் சுளிக்கக் கூடாது என்று செய்த ஏற்பாடு. படிக்கிறவனை யாரும் கேட்கவில்லை.

மோடம் அண்ணன் கேட்கும் "முதல் நாளே தடுப்பான்" குரோமில் அரைகுறையாக இருக்கு. விதி மீறி இம்சை செய்யும் தளங்களின் விளம்பரங்களை 2018 பிப்ரவரியிலிருந்து அதுவே வடிகட்டுகிறது. அதற்கு மேல்? விளம்பரத்தில் சம்பாதிக்கும் கம்பெனியின் உலாவி அது. நீட்சிகளுக்கான புது விதிமுறையான மேனிஃபெஸ்ட் வி3 வந்ததும் முழு யூபிளாக் ஆரிஜினுக்கு அங்கே இடம் போய், லைட் மட்டும் மிஞ்சியது. முழுசு வேண்டுமென்றால் ஃபயர்பாக்ஸ்.

சிறுதளம்:
முழுசு போடுங்கள், தடுக்கவில்லை. பயனர் தானாகப் போட்டால் அது அவர் முடிவு. உலாவி போட்டுவிட்டால் என் தளம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. பிடித்த தளத்துக்கு மட்டும் தடுப்பானை அணைத்து வைக்கிற பொத்தான் இருக்கே, யாராவது தொடுகிறீர்களா?

பழையமோடம்:
தொட்டதில்லை, உண்மை. வெறும் எழுத்தாக, யாரிடம் வாங்கியது என்று நீங்களே சொல்லக்கூடிய விளம்பரம் என்றால் அணைக்கிறேன்.

சிறுதளம்:
வானொலி உதிரிபாகம் விற்கிறவர் ஒருவரிடம் கேட்டுப் பார்க்கிறேன். கட்டுப்படியாகுமா என்பது வேறு கதை.

பழையமோடம்:
@பூட்டுச்சாவி, ஒரு தொந்தரவு. "எந்தத் தளமும் கேட்கக் கூடாது" என்று மொத்தமாக அடைத்துவிட்டேன். இப்போது உலாவியில் திறந்து வைத்திருக்கும் வாட்ஸ்அப்புக்கும் சத்தம் வரவில்லையாம், அம்மா திட்டுகிறார்.

பூட்டுச்சாவி:
செய்தித்தளத்தை நீக்கிய வேகத்தில் அதையும் நீக்கியிருப்பீங்க. அதே பக்கத்தில் அனுமதித்தவை பட்டியலுக்கு நேரே 'சேர்' இருக்கும், அந்த ஒரு முகவரியை மட்டும் திரும்பப் போடுங்க.