மீன் இல்லாமல் சாப்பிடாதவர்களுக்கும் வீகன் மருமகளுக்கும் ஒரே பந்தியில் என்ன வைக்கலாம்?

முள்ளியவளை வீட்டுக்காரி:
வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிந்த ஞாயிறு எங்கள் வளவில் முப்பது பேர் கூடுகிறார்கள். மச்சாள் குடும்பம் முல்லைத்தீவுக் கரையோரம். மீன் இல்லாவிட்டால் அவர்களுக்குச் சோறு இறங்காது. மாமி வைகாசி முழுவதும் சைவம். இந்த முறை ஜெர்மனியிலிருந்து என் மருமகளும் (அண்ணாவின் மகள்) வருகிறாள். அவள் வீகன்: பால், தயிர், நெய், முட்டை எதையும் தொடமாட்டாள். ஆசையாக ஒட்டுசுட்டான் பக்கமிருந்து காட்டுத் தேன் ஒரு போத்தல் வாங்கி வைத்துவிட்டுத் தொலைபேசியில் சொன்னேன். தேனும் வேண்டாமாம். வன்னிக்கு வருபவளுக்குத் தேனும் வேண்டாம், தயிரும் வேண்டாம் என்றால் நான் எதைத்தான் கொடுத்தனுப்புவது?

சென்ற முறை சோயாமீற் பிரட்டல் செய்தேன். பைக்கற்றோடு வந்த தூளையும் போட்டுவிட்டேன். அவள் உறையைத் திருப்பி வாசித்தாள். கடைசி வரியில் பால் மா. பருப்போடு சோறு தின்றுவிட்டு, 'வயிறு நிறைந்துவிட்டது மாமி' என்றாள். அந்தப் பொய் இன்னும் என் காதில் இருக்கிறது.

தொட்டுக்கொள்ள ஒரு கறி கேட்கவில்லை. அது என்னிடம் பத்து இருக்கிறது. நடுவில் வைத்து எல்லோரும் அள்ளிச் சாப்பிடும் பெரிய சாப்பாடாக எதைச் செய்யலாம்? அவளுக்கு மட்டும் ஓரத்தில் ஒரு கிண்ணம் வைக்க எனக்கு மனமில்லை.

பரந்தன் தம்பி:
அக்கா, மரக்கறிப் புரியாணிக்குச் சொல்லிவிடுங்கள். நெய் வேண்டாம் என்றால் மாஜரினில் செய்து தருவார்கள். வேலை மிச்சம்.

கூழ்ப்பானை:
தம்பி, மாஜரினிலும் சிலவற்றில் பால் சேர்கிறது. உறையை வாசிக்காமல் அதையும் நம்ப முடியாது. அதோடு, மீன்காரர் மரக்கறிப் புரியாணியைக் கிண்டிக் கிண்டி இறைச்சி தேடுவார்கள். கலியாண வீடுகளில் நான் பார்க்காத கூத்தா?

தங்கச்சி, ஒடியற் கூழ், அதாவது காய்ந்த பனங்கிழங்கு மாக் கூழ் காய்ச்சுங்கள். மீனும் நண்டும் போட்டால்தான் கூழ் என்று சொல்வார்கள். சொல்லட்டும். கூழைக் கூழாக்குவது ஒடியல் மாவும் புளியும் உறைப்பும்தான். முப்பது பேருக்கு, பக்கத்தில் சோறும் இருப்பதால், ஒரு கிலோ மா எனக்குப் போதும். மாவை நிறையத் தண்ணீரில் கரைத்து ஊறவிடுங்கள். மா அடியில் படிந்ததும் மேல்நீரை ஊற்றிவிட்டு மறுபடி தண்ணீர் விடுங்கள். இதில் அவசரப்பட்டால் கூழ் கசக்கும், பிறகு எந்தப் புளியாலும் அதைக் காப்பாற்ற முடியாது.

பானையில் ஒரு பிடி அரிசி, மரவள்ளிக்கிழங்கு, பிலாக்கொட்டை, பயற்றங்காய். மரவள்ளியைத் தோலுரித்து, நடுநாரை எடுத்துவிட்டுப் போடுங்கள். நன்றாக அவிய வேண்டும். மீன் இல்லாத குறைக்குத் தேங்காய்ச் சொட்டு இரண்டு கை போடுவேன், பல்லில் கடிபடும்போது சுகமாக இருக்கும். எல்லாம் அவிந்த பிறகு அரைத்த செத்தல் மிளகாய், மஞ்சள், உப்பு, பழப்புளிக் கரைசல். கடைசியில் ஊறிய மாவைக் கட்டிபடாமல் ஊற்றிக் கிண்டி, முருங்கையிலையைத் தூவி இறக்குங்கள். ஆறும்போது இறுகும், ஆகவே கொஞ்சம் தண்ணியாகவே இறக்க வேண்டும்.

கரையோரத்துக்காரருக்கு ஒரு வழி இருக்கிறது. மீனையும் இறாலையும் வேறு அடுப்பில், வேறு சட்டியில் புளியும் மிளகாயும் விட்டு அவியவிடுங்கள். வேண்டியவர் தன் கூழுக்குள் ஊற்றிக்கொள்ளட்டும். அகப்பை மட்டும் மாறக்கூடாது. உங்கள் மாமி அகப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார், மருமகள் அல்ல.

கிளிநொச்சி வாசகி:
நானும் மூன்று வருடமாக வீகன். அக்கா, நம் அடுக்களையில் பாதி பிறப்பிலேயே வீகன்தான்: புட்டு, இடியப்பம், சொதி, கத்தரிக்காய்க் குழம்பு. எங்கள் பெரியப்பா ஒருவர் 'தேங்காய்ப் பாலும் பால்தானே, அதை மட்டும் எப்படிக் குடிக்கிறாய்?' என்று ஒவ்வொரு பந்தியிலும் கேட்கிறார். பதில் சொல்லிக் களைத்துவிட்டேன்.

கவனிக்க வேண்டியவை சின்னச் சின்ன இடங்கள். சம்பலில் மாசிக் கருவாடு விழுந்திருக்கும். பருப்பின் மேல் 'வாசத்துக்கு' ஒரு கரண்டி நெய் விழும். பாயசத்தில் டின்பால். தேநீரை வெறுந்தேநீராகப் பனங்கட்டியோடு கொடுங்கள், அவள் உங்களைக் கட்டிப்பிடிப்பாள்.

கூழ் நல்ல யோசனை. சோற்றுக்குப் பக்கத்தில் பிஞ்சுப் பிலாக்காய்க் கறியும் வையுங்கள். வறுத்த தூள், கறுவா, ரம்பை இலை போட்டு, கப்பிப்பாலில் (தண்ணியான தேங்காய்ப் பாலில்) மெதுவாக வற்றவிட்டு, முதற்பாலைக் கடைசியில் விட வேண்டும். முதல் நாள் இரவே வைத்து மறுநாள் சூடாக்கினால் தூள் உள்ளே ஊறிவிடும். சென்ற தைப்பொங்கலுக்கு என் சித்தப்பா அதை இறைச்சி என்று நினைத்து இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். உண்மையை நான் இன்னும் சொல்லவில்லை.

முள்ளியவளை வீட்டுக்காரி:
கூழ்ப்பானை அக்கா, மாமியிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். 'அந்தக் காலத்தில் வெள்ளிக்கிழமைக் கூழ் அப்படித்தானே காய்ச்சினோம்' என்று எனக்கே பாடம் எடுத்தார். மச்சாள்தான் முகத்தைச் சுளித்தா; மீன்சட்டி பக்கத்தில் இருக்கும் என்றதும், நண்டு தான் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டா. பிலாக்காய் வவுனியாவிலிருந்து வரும் தம்பியிடம் சொல்லியாகிவிட்டது. தேன் போத்தல் மாமியின் அலுமாரிக்குப் போய்விட்டது.

இனி கூழ் குடிக்கும் பிலாவிலைதான் பிரச்சினை. எங்கள் வளவில் பிலாமரம் இல்லை. முப்பது பேருக்கு எத்தனை பிலாவிலை வேண்டும்? முதல் நாளே கோலி ஈர்க்குக் குத்தி வைத்தால் காய்ந்து வெடித்துவிடுமா? மருமகளை அந்த வேலைக்கு உட்கார்த்தலாம் என்று பார்க்கிறேன்.