மூளைக்குள் உணர்வை அனுப்பும் கருவிகள்: பார்த்ததைப் பகிருங்கள்

ஆம்பியர் (இழையைத் தொடங்கியவர்)
ஒலி, ஒளி, தொடுகை எதுவானாலும் சரி, மின்துடிப்பாக நரம்புக்குள் போகும் கருவிகளோடு புழங்குபவர்கள் எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம். என்ன நடக்கும், எங்கே பிசகும், ஏன் என்பது போதும்.

செவிநரம்பு
காக்ளியர் இம்ப்ளாண்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். உட்காதில் நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவுக்குள் எலக்ட்ரோடு (மின்முனை) வரிசையைச் செருகி, செவிநரம்பைத் தூண்டும் கருவி. இந்த வகைக் கருவிகளில் பரவலாக ஊன்றி நிற்பது அதுதான்.

அறுவை முடிந்து இரண்டு முதல் நான்கு வாரத்தில் ஸ்விட்ச் ஆன், அதாவது கருவியை முதன்முதலாக இயக்குவது. வீடியோக்களில் வருவது அப்போதைய அழுகையும் சிரிப்பும். அதற்கு முந்தைய சில நிமிடங்களை யாரும் படம் எடுப்பதில்லை. எலக்ட்ரோடு ஒவ்வொன்றின் இம்பீடன்ஸையும் (மின்னோட்டத்துக்கான தடை) அளக்கும் நேரம் அது. சில கிலோஓமிலிருந்து பத்துப் பதினைந்து வரை இருந்தால் கவலையில்லை. பரவலாகப் பயன்படும் ஒரு மென்பொருளில் 30 கிலோஓமைத் தாண்டினால் ஓப்பன் சர்க்யூட் என்று காட்டும். கம்பி அறுந்திருக்கலாம், எலக்ட்ரோடு காக்ளியாவுக்கு வெளியே நிற்கலாம், வெறும் காற்றுக்குமிழி ஒட்டியிருக்கவும் வாய்ப்புண்டு. குமிழியாக இருந்தால் கொஞ்ச நேரம் கரண்ட் ஓடியதும் அளவு தானாக இறங்கும். அதனால் முதல் நாளே அந்த எலக்ட்ரோடைக் கைகழுவுவது அவசரம். இரண்டு எலக்ட்ரோடுகள் சேர்ந்தாற்போல மிகக் குறைந்த மதிப்பைக் காட்டினால் ஷார்ட்; அவற்றை அணைத்துத்தான் ஆக வேண்டும்.

பிறகு மேப்பிங், அதாவது ஒவ்வொரு எலக்ட்ரோடுக்கும் எவ்வளவு கரண்ட் என்று அமைப்பது. டி லெவல் என்பது காதில் விழுந்தும் விழாததுமான அளவு. சி லெவல் என்பது சத்தமாக, ஆனால் உறுத்தாமல் கேட்கும் அளவு. சி லெவலை ஏற்றும்போது ஆடியாலஜிஸ்டின் (செவித்திறன் நிபுணர்) கண் திரையில் இருக்கக் கூடாது, எதிரில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தில் இருக்க வேண்டும். துடிப்பு போகும் ஒவ்வொரு முறையும் அதே பக்கத்து இமையோ வாயோரமோ சுண்டினால் கரண்ட் முகநரம்புக்குக் கசிகிறது என்று அர்த்தம். ஓட்டோஸ்கிளிரோசிஸ் (காது எலும்பு இயல்பு மாறி வளரும் நோய்) உள்ளவர்களிடம் இது அதிகம். துடிப்பின் அகலத்தைக் கூட்டிக் கரண்டைக் குறைத்துப் பார்ப்பார்கள். அடங்காவிட்டால் அந்த எலக்ட்ரோடை அணைப்பார்கள். குழந்தை வாய் திறந்து சொல்லாது, தலையில் காந்தத்தால் ஒட்டியிருக்கும் வெளிக்காயிலைப் பிடுங்கி எறியும். அதைப் 'பிடிவாதம்' என்று எழுதிவைப்பதைப் போன்ற தப்பு வேறில்லை.

பேச்சு முதலில் கீச்சுக் குரலாகவோ 'பீப்' சத்தமாகவோ கேட்பது பழுதல்ல. தடித்த ஒலிகளுக்கான இடம் காக்ளியாவின் உள்நுனியில் இருக்கிறது. எலக்ட்ரோடு வரிசை பெரும்பாலும் அதுவரை போவதில்லை. மூளை பழகிக்கொள்ள மாதக்கணக்காகும். அதற்குள் வாரத்துக்கு ஒரு மேப் என்று மாற்றிக்கொண்டே இருந்தால் மூளைக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது.

புறணி
காக்ளியாவில் குறைந்தபட்சம் நரம்பாவது வரிசையாக இருக்கிறது. மூளைப் புறணியில் (மூளையின் மேலடுக்கு) நேரடியாகத் தொடுகையை எழுதுவது வேறு வேலை.

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 2015இல் நேதன் கோப்லாண்டுக்கு எலக்ட்ரோடுகள் பொருத்தினார்கள். கையும் காலும் செயலிழந்தவர். அடுத்த ஆண்டு முடிவுகள் வெளியாயின. விரல்களிலும் உள்ளங்கையிலும் அழுத்தம், குறுகுறுப்பு, சில நேரம் வெதுவெதுப்பு. 2021இல் அதே குழு, ரோபோ கைக்குத் தொடுகை கிடைத்ததும் பொருளை எடுத்துவைக்கும் நேரம் ஏறத்தாழப் பாதியானதைக் காட்டியது. ஆர்ப்பாட்டமான சோதனை இல்லை, ஆனால் எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்த முடிவு அதுதான். கண்ணால் பார்த்துக்கொண்டே எடுப்பவருக்கும், பிடி கிடைத்துவிட்டதா என்று தடுமாறுவதில்தான் நேரம் போகிறது.

துடிப்பின் கணக்கு: 60 மைக்ரோஆம்பியர் எதிர்மின் துடிப்பை 200 மைக்ரோவினாடி கொடுத்தால் 12 நானோகூலோம் மின்னூட்டம் உள்ளே போகிறது. சிறு இடைவெளி விட்டு 30 மைக்ரோஆம்பியரை எதிர்த்திசையில் 400 மைக்ரோவினாடி கொடுத்தால் அதே 12 திரும்பி வரும். இந்த வரவு செலவு நேராகாவிட்டால் மிச்ச மின்னூட்டம் எலக்ட்ரோடின் உலோகத்தை அரிக்கும், சுற்றியுள்ள திரவத்தின் அமிலத்தன்மையை மாற்றும், திசு கருகும். சமன் செய்தும் அளவு மீறினால் சேதம்தான். முனை சிறிதாக இருந்தால் அதே மின்னூட்டம் அடர்ந்துவிடும்.

இன்னொரு சிக்கல், ஒரே அளவில் விடாமல் துடிப்பு கொடுத்தால் உணர்வு மங்கிவிடும். இயல்பான தோலும் பொருள் படும் கணத்திலும் விலகும் கணத்திலும்தான் உரக்கப் பேசும், நடுவில் அடங்கிவிடும். துடிப்பையும் அப்படியே அமைப்பது நல்லது.

வெள்ளைக்கோல்
பார்வைக்கு வருவோம். 1968இலேயே பிரிட்டனில் பிரிண்ட்லியும் லெவினும் பார்வையற்ற ஒரு பெண்ணின் பார்வைப் புறணியில் எலக்ட்ரோடுகளைப் பொருத்தி ஒளிப்புள்ளிகளை வரவழைத்தார்கள். புள்ளி வரும், படம் வராது. 'அ' என்ற வடிவில் பத்து எலக்ட்ரோடுகளை ஒரே நேரத்தில் இயக்கினால் எழுத்து தெரியும் என்று தோன்றும், ஆனால் புள்ளிகள் கலந்து ஒரு திட்டாகிவிடும். 2020இல் ஹூஸ்டனின் பேய்லர் மருத்துவக் கல்லூரிக் குழு எலக்ட்ரோடுகளை ஒன்றன்பின் ஒன்றாக இயக்கியது. உள்ளங்கையில் விரலால் எழுத்தை இழுத்துக் காட்டுவது போல. ஆட்களுக்கு எழுத்து பிடிபட்டது.

பலர் மறக்கும் விஷயம்: கேமரா கண்ணாடிச் சட்டத்தில் இருக்கிறது, புள்ளியோ விழி திரும்பும் பக்கம் தானும் நகரும். விழியை அசைக்காமல் தலையைத் திருப்பிப் பார்க்கப் பழக்காவிட்டால் கதவு இருக்கும் இடம் தப்பாகத் தெரியும்.

வலிப்பு அபாயமும் உண்டு. புறணியின் மேற்பரப்பில் வைக்கும் எலக்ட்ரோடுகளுக்கு மில்லிஆம்பியர் கணக்கில் கரண்ட் வேண்டும், குத்தி இறக்குபவற்றுக்கு மைக்ரோஆம்பியர் போதும். பலவற்றை ஒருசேர ஏற்றுவதற்கு முன், துடிப்பு நின்ற பிறகும் அது கிளப்பிய மூளை அலை தொடர்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

ஆம்பியர்
நிறுவனம் மூடினால்?

வெள்ளைக்கோல்
கிட்டத்தட்ட நடந்ததே. செகண்ட் சைட் நிறுவனத்தின் ஆர்கஸ் 2, விழித்திரையில் 60 எலக்ட்ரோடு, 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி. உலகெங்கும் 350க்கு மேற்பட்டோருக்குப் பொருத்தியிருந்தார்கள். 2019இல் தயாரிப்பை நிறுத்தினார்கள். வெளிக்கருவி பழுதானவர்களுக்கு உதிரி கிடைக்கவில்லை. கண்ணுக்குள் இருப்பது நன்றாகத்தான் இருந்தது, பேச வேண்டிய பெட்டிதான் இல்லை.

செவிநரம்பு
அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்க வேண்டியது: வெளிக்கருவிக்கு எத்தனை ஆண்டு உதிரி உறுதி, எத்தனை டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) எம்.ஆர்.ஐ வரை போகலாம், காந்தத்தைக் கழற்ற வேண்டுமா. மாடல் எண், சீரியல் எண் அட்டை எப்போதும் பையில் இருக்கட்டும். வேறு அறுவைசிகிச்சைக்குப் போனால் தலை, கழுத்துப் பகுதியில் மோனோபோலார் காட்டரி (உடல் வழியே மின்சாரம் செலுத்தித் திசுவைச் சுடும் கருவி) கூடாது என்று முன்கூட்டியே சொல்லுங்கள். காக்ளியர் என்றால் நியூமோகாக்கல் தடுப்பூசி போட்டாயிற்றா என்றும் பாருங்கள். மூளைக்காய்ச்சல் அபாயம் சற்று அதிகம்.

சத்தம் திடீரென்று நின்றால் உள்ளே இருப்பது போய்விட்டது என்று பதற வேண்டாம். பேட்டரி, கேபிள், காயில், மைக் மூடி என்ற வரிசையில் மாற்றிப் பாருங்கள். கேபிள் காயிலைச் சேரும் வளைவில் விரலால் மெல்ல அசைத்தால் சத்தம் விட்டு விட்டு வரும். அப்படி வந்தால் புதுக் கேபிள் போதும்.