ஓடைப் பாலம்: சங்கப் பணத்தை எந்த வழியில் போடலாம்?

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

செயலாளர் மாமா அனுப்பிய மடலைப் படித்தேன். அரசாங்கத்தை நம்பி வருஷங்கள் போனதுதான் மிச்சம், நம் ஊர்ச் சங்கமே பணம் திரட்டி ஓடைப் பாலத்தைக் கட்டிவிடலாம் என்று எழுதியிருக்கிறார். ரியாத் சித்தப்பாவும் மஸ்கட் அண்ணனும் உடனே தொகையும் சொல்லிவிட்டார்கள். கொடைக்கானல் மேல்மலையில் நம் ஊர் ஓடை பெருகும் நாட்களில் அக்கரைப் பளியர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து பிள்ளைத்தாய்ச்சிகளை டோலி கட்டித் தூக்கி வருவதைப் பார்த்த யாருக்கும் அந்தக் கோபம் வரத்தான் செய்யும். எனக்கும் இருக்கிறது. ஆனால் நாமே கட்டுவது என்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் திண்டுக்கல்லில் ஒரு ஒப்பந்ததாரரிடம் எஸ்டிமேட் போட்டுக்கொண்டிருந்தேன், இங்கே சிங்கப்பூரிலும் கட்டுமான அளவுக் கணக்குதான் என் பிழைப்பு. அந்த அனுபவத்தில் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

முதல் விஷயம், அந்த ஓடை நம்முடையது இல்லை. வருவாய்க் கணக்கில் அது ஓடைப் புறம்போக்கு, அதாவது அரசு நிலம். அதன் குறுக்கே தூண் எழுப்ப யாருக்கும் தனியாக உரிமை கிடையாது. மீறிக் கட்டினாலும் அந்தப் பாலம் எந்தத் துறையின் சொத்துப் பதிவேட்டிலும் ஏறாது. பதிவேட்டில் இல்லாததற்குப் பராமரிப்புப் பணம் ஒதுக்க எந்த அதிகாரியாலும் முடியாது. ஒரு பெருமழையில், கரையில் பாலத்தைத் தாங்கும் அணைச்சுவர் அடியில் மண் அரித்துப்போனால், யாரிடம் போய் நிற்பது? மறுபடியும் நாம்தான் வசூலிக்க வேண்டும். நம் பிள்ளைகள் இந்தக் குழுவில் இருப்பார்களா என்பதே தெரியாதபோது அந்தச் சுமையை ஊர் தலையில் ஏற்றக் கூடாது.

இனி அரசாங்கத்துப் பணம் எப்படி நகர்கிறது என்பது. மாநிலத்துக்கு வரும் வருவாயில் பெரும்பகுதி சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் என்று போய்விடும். கட்டுமானத்துக்கு எடுப்பது பெரும்பாலும் கடன்தான். அந்தக் கடனுக்கும் 2003-ஆம் வருஷத்து நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் வரம்பு போட்டிருக்கிறது. அதனால் சாலைக்கும் பாலத்துக்கும் பல வாசல்களில் பணம் தேடுகிறார்கள். பெரிய சாலைகளுக்கு உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி. கிராமப்புறத்துக்கு, ஊரக வளர்ச்சிக்கான நபார்டு வங்கியின் ஊரகக் கட்டமைப்பு நிதி. 1995-96-இல் தொடங்கிய இந்த நிதிக்கு, விவசாயம் போன்ற துறைகளுக்கான முன்னுரிமைக் கடன் இலக்கை எட்டாத வங்கிகள் கட்டும் தொகைதான் மூலதனம். ஊர்ச்சாலைக்கு மதிப்பீட்டில் 80 சதவீதம் வரை அதில் கடன் கிடைக்கும், மீதியை மாநிலம் போட வேண்டும். இதெல்லாம் பட்ஜெட், மானியக் கோரிக்கை, அரசாணை என்று சென்னை வழியாகச் சுற்றி வருகிற பணம். நம்மைப் போன்ற சின்ன ஊர் அந்த வரிசையில் முன்னால் வருவது கஷ்டம்.

நீலகிரிக்கு மட்டும் தனிப் பணம் எப்படிக் கிடைக்கிறது என்று போன மாதம் ஒருவர் கேட்டிருந்தார். ஐந்தாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்திலிருந்தே மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டம் என்று மத்திய அரசு நீலகிரிக்குத் தனியாகக் கொடுத்துவந்தது. கொடைக்கானல் தாலுகா மேற்குத் தொடர்ச்சி மலை மேம்பாட்டுத் திட்டத்தில் இருந்தது. மத்திய, மாநில வரிப் பங்கைப் பரிந்துரைக்கும் பதினான்காவது நிதிக்குழுவுக்குப் பிறகு மத்திய அரசு இரண்டிலிருந்தும் கையை எடுத்துக்கொண்டது. இப்போது மாநில அரசே சிறப்புப் பகுதி மேம்பாட்டுத் திட்டம் என்ற பெயரில் தன் பணத்தில் நடத்துகிறது. மிகவும் பின்தங்கிய பழங்குடிகளுக்காக மத்திய அரசு 2023-இல் கொண்டுவந்த பிஎம்-ஜன்மன் திட்டமும் நமக்கு உதவாது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்கள்தான் தமிழ்நாட்டுப் பட்டியலில் உண்டு. பளியர் இல்லை. இது எனக்குப் பெரிய வருத்தம்.

சரி, எஸ்டிமேட்டுக்கு வருகிறேன். மலையில் ஒரு வேலை நடப்பதும் நடக்காமல் போவதும் அங்கேதான் முடிவாகிறது. பொதுப்பணித் துறை வருஷாவருஷம் விலை விகிதப் பட்டியல் வெளியிடும். அதில் ஜல்லி, மணல், கம்பி, கூலி எல்லாவற்றுக்கும் விலை இருக்கும், மலைப்பகுதிக்குக் கூடுதல் சதவீதமும் உண்டு. அதோடு ‘லீட்’ என்று ஒரு கணக்குச் சேரும். பொருள் கிடைக்கும் இடத்திலிருந்து வேலை நடக்கும் இடம் வரை எத்தனை கிலோமீட்டர், அதற்கு என்ன வண்டிச்செலவு என்பதுதான் லீட். நமக்கு ஜல்லியும், கல்லை அரைத்துச் செய்யும் மணலான எம்-சாண்டும் வத்தலக்குண்டு பக்கமிருந்து ஏறி வர வேண்டும். கொடைக்கானல் வந்து, பூம்பாறை தாண்டி, மன்னவனூர் வழியாக மேல்மலைக்குள் இறங்கி, கடைசியில் லாரி போகாத அந்த ஒற்றையடிப் பாதை. அங்கே குதிரைச் சுமை, இல்லையென்றால் தலைச்சுமை. இந்தக் கடைசித் துண்டுக்கு ஆகும் செலவுதான் கணக்கையே புரட்டிப் போடும். கடைசியில் 18 சதவீத ஜிஎஸ்டி, 1 சதவீதம் கட்டுமானத் தொழிலாளர் நல நிதி என்று சேர்ந்துகொண்டே போகும்.

முன்பு ஒருமுறை நம் ஊருக்குச் சிறுபாலம் வந்து திரும்பிப் போனதே, ஞாபகம் இருக்கிறதா? அந்த மதிப்பீட்டின் நகலைப் போன தடவை ஊருக்குப் போனபோது பார்த்தேன். எந்த அலுவலகம் போட்டது என்பது இங்கே வேண்டாம். லீட் கணக்கு கொடைக்கானல் நகரத்தோடு நின்றிருந்தது. அங்கிருந்து நம் ஓடை வரைக்கும் ஜல்லி தானாகப் பறந்து வருமா? அந்தத் தொகைக்கு வேலை எடுத்தால் கையைவிட்டுப் போடவேண்டியிருக்கும் என்று எந்த ஒப்பந்ததாரரும் டெண்டர் போடவில்லை. மறு டெண்டரிலும் ஆள் இல்லை. மார்ச் 31 வந்தது, பணம் காலாவதியாகித் திரும்பிவிட்டது. ஊரில் எல்லோரும் அரசியல் காரணம் என்றே இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

மார்ச் 31 என்பது மலைக்குப் பொருந்தாத கெடு. அரசாணை வந்து, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர் எல்லாம் முடிந்து பணி ஆணை கைக்கு வரும்போது பெரும்பாலும் ஐப்பசி ஆகிவிடும். அப்போது மேல்மலையில் வடகிழக்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும், ஓடையில் அடித்தளக் குழி வெட்டவே முடியாது. தை பிறந்த பிறகுதான் வேலை செய்யும் காலம். அதற்குள் நிதியாண்டு முடியப் போகிறது என்று அவசர அவசரமாகக் கான்கிரீட் போடுவார்கள். அதனால் நம் காகிதங்கள் சித்திரை, வைகாசியிலேயே கலெக்டர் அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

நான் சொல்லும் வழி நமக்கு நாமே திட்டம். கலைஞர் ஆட்சியில் 1997-இல் தொடங்கியது, 2011-க்குப் பிறகு தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறியது, 2021-இல் பழைய பெயரோடு திரும்பி வந்தது. பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். நிர்வாக அனுமதியைக் கலெக்டரே கொடுக்கலாம், சென்னைக்குக் கோப்பு போக வேண்டியதில்லை. பாலம் அரசின் சொத்தாகப் பதிவேட்டில் ஏறும். பாதியோ அதற்கு மேலோ நாம் கொடுத்தால் வேலையை நாமே செய்யவும் வழி இருக்கிறது. என் யோசனை, முதலில் மூன்றில் ஒரு பங்கோடு டெண்டருக்கு விடுவோம். அப்புறமும் யாரும் வராவிட்டால் பங்கைப் பாதியாக உயர்த்தி நாமே எடுத்துச் செய்வோம். செயலாளர் மாமா திரட்ட நினைக்கும் தொகை அதற்கும் தாங்கும்.

இரண்டு சிக்கல்களை இப்போதே பேசிவிட வேண்டும். ஒன்று, பணம் அனுப்பும் முறை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர்கள் கொடுத்தால், வெளிநாட்டு இந்தியருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான பதிவு நம் சங்கத்துக்குக் கிடையாது. ஆகவே சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை வாங்கிய சொந்தங்கள் தயவுசெய்து சங்கக் கணக்குக்கு எதுவும் போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, அக்கரை வனநிலம். வனப் பாதுகாப்புச் சட்டம் என்றதும் எல்லோரும் கையை விரித்துவிடுகிறார்கள். ஆனால் 2006-இன் வன உரிமைச் சட்டம் மூன்றாம் பிரிவில், வனவாசிகளின் குடியிருப்புக்குச் சாலை, பள்ளி, அங்கன்வாடி, குடிநீர்க் குழாய் போன்ற பதின்மூன்று வசதிகளுக்கு ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை எடுக்க இடம் இருக்கிறது. ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். பாலத்திலிருந்து குடியிருப்பு வரை போகும் பாதை இந்த அளவுக்குள் அடங்கிவிடும். அந்தச் சட்டம் பளியர் குடும்பங்களுக்காகத்தான் இருக்கிறது, அவர்கள் முன்னால் நிற்க வேண்டும், நாம் பின்னால் துணை நிற்க வேண்டும்.

அதனால் வருகிற அக்டோபர் 2 கிராம சபையை விட்டுவிடக் கூடாது. தீர்மானத்தில் ‘பாலம் வேண்டும்’ என்று ஒரு வரி எழுதினால் போதாது. ஓடையின் புல எண், இரு கரையிலும் பாதை போகும் புல எண்கள், உத்தேச நீளம், பயன்பெறும் குடியிருப்பின் பெயர், வனநிலப் பரிந்துரை இவ்வளவும் தீர்மான நோட்டில் ஏற வேண்டும். ஒன்றியப் பொறியாளர் அளக்க வரும்போது ஒற்றையடிப் பாதையின் கடைசி வரை அவரைக் கூட்டிப் போய், லீட் கணக்கில் அந்தத் தூரம் சேர்ந்ததா என்று பார்க்க ஆள் வேண்டும். வேலை நடக்கும்போது அடித்தளக் கம்பியைக் கான்கிரீட் மூடுவதற்கு முன்னால் அளந்து எம்-புக்கில் (அளவுப் புத்தகத்தில்) பதிகிறார்களா என்று பார்க்கவும் ஆள் வேண்டும். மண்ணுக்குள் போன பிறகு எத்தனை கம்பி இருக்கிறது என்று யாராலும் எண்ண முடியாது. ஊரில் டிப்ளமோ சிவில் முடித்த தம்பி ஒருவன் இருக்கிறான், அவனிடம் பேசிவிட்டேன், சம்மதித்திருக்கிறான்.

புல வரைபட நகல், பழைய பட்டா, கிராம நிலக் கணக்கான ‘அ’ பதிவேட்டின் பக்கம் என்று எது யார் வீட்டில் இருந்தாலும் படம் எடுத்து இந்த மடலுக்குப் பதிலாகவே அனுப்புங்கள். ரியாத் சித்தப்பா, மஸ்கட் அண்ணா, நீங்கள் சொன்ன தொகை இப்போதைக்கு உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும். திருத்திய மதிப்பீடு கைக்கு வந்ததும் நம் பங்கு எவ்வளவு என்று எழுதுகிறேன்.