மறு: பைட்டோசாருக்குத் தமிழ்ச்சொல் ('தாவரப்பல்லி' வேண்டாமே)

நண்பர்களுக்கு வணக்கம்.

பைட்டோசார் என்பது முதலையைப் போலிருந்து அழிந்துபோன ஊர்வன வகை. கிரேக்க வேரில் அப்பெயருக்குத் 'தாவரப்பல்லி' என்று பொருள். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு என் பதில் இது. அப்படியே பெயர்த்தால் பழைய பிழையொன்றைத் தமிழிலும் குடியேற்றிவிடுவோம். 1828இல் ஜெர்மனியில் யேகர் என்ற இயற்கையியலாளர் இப்பெயரை வைத்தபோது அவர் பல் என்று நினைத்தது பல்லே அன்று. தாடையின் பற்குழிகளில் சேறு நிரம்பி இறுகிய அச்சு. மழுங்கிய அந்த அச்சுகளைப் பார்த்து இலைதழை தின்னும் பிராணி என்று முடிவுகட்டிவிட்டார். உண்மையில் அது ஊனுண்ணி. பொருள் பொருந்தவில்லை என்பதற்காக அறிவியற்பெயரை மாற்ற விதி இடம்கொடுக்காது. நமக்கு என்ன கட்டாயம்?

இம்மடலாடலில் ஐயா ஒருவர் முன்மொழிந்த 'போலிமுதலை' எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் சூடோசூகியா என்ற ஊர்வனப் பெருங்குழுவின் பெயருக்கே அதுதான் பொருள், அதற்கே விட்டுவைப்போம். வேடிக்கை என்னவென்றால், இன்றைய அசல் முதலைகள் அந்தப் 'போலி'க் குழுவில்தான் அடங்குகின்றன! பைட்டோசார்களையும் அதன் அடிக்கிளை என்றே நெடுநாள் வைத்திருந்தார்கள். முதலைக் கிளையும் பறவைக் கிளையும் பிரியும் முன்பே அவை விலகிவிட்டன என்றது 2011இல் வெளியான, தொல்லுயிரியலாளர் நெஸ்பிட்டின் ஆய்வு. உறவுமுறையைப் பெயரில் ஏற்றினால் நாளை பெயர் பொய்த்துப்போகும்.

'நீள்மூஞ்சி' என்ற பெயரும் தேறாது. சீனாவில் கிடைத்த டயன்டாங்கோசூக்கஸ் பைட்டோசார் கிளையின் தொடக்ககால உறுப்பினர். அதன் மூஞ்சி குட்டை.

மூக்கைப் பிடிப்பதே வழி. முதலைக்கு நாசித்துளை மூஞ்சியின் நுனியில். எலும்பாலான இரண்டாம் அண்ணத்துக்கு (வாயின் மேற்கூரைக்கு) மேலாக மூச்சு தொண்டை வரை போகிறது. பைட்டோசாருக்கு அப்படி முழு அண்ணம் இல்லை. நாசித்துளைகள் வெகுவாகப் பின்வாங்கி, பலவற்றில் கண்களுக்குச் சற்று முன்னால் ஒரு மேட்டின்மீது திறக்கின்றன. உடலை நீருக்குள் மறைத்துக்கொண்டு அந்த மேட்டை மட்டும் வெளியே நீட்டினால் போதும். முதுகின் எலும்புத் தகடுகள், கூம்புப் பற்கள் எல்லாம் முதலையை ஒத்தவை. மூக்கு ஒன்றுதான் காட்டிக்கொடுக்கிறது.

ஆகவே என் பரிந்துரை 'உச்சிமூக்கன்'. கொம்பேறிமூக்கன் என்று பாம்புக்குப் பெயரிட்ட மொழிக்கு இது அந்நியமாக ஒலிக்காது. கோதாவரிப் படுகையில் கிடைத்த பாராசூக்கஸ் என்ற பைட்டோசாரில் துளைகள் கண்ணுக்கு அவ்வளவு நெருக்கமில்லை என்று யாராவது மறுக்கலாம். நியாயமான மறுப்புதான், ஆனாலும் நுனியைவிட்டு அவை வெகுதூரம் தள்ளியே இருக்கின்றன.

குடும்பத்துக்கு 'உச்சிமூக்கன் குடும்பம்' போதும். பேரினப் பெயர்களை ஒலிபெயர்ப்பிலேயே வைத்துக்கொள்வோம். 'உச்சிநாசி' நன்று என்போர் எழுதுங்கள். எனக்கு மூக்கே உவப்பு.