நானோ களிமண் கலந்த பிளாஸ்டிக்: அனுபவமுள்ளவர்கள் உதவுங்கள்

அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். கொக்குவிலில் மச்சானும் நானும் சிறிய பட்டறையொன்றில் பொலிபுறொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் சுவிட்ச் பெட்டிகள் வார்க்கிறோம். போன மாதம் ஒரு பெட்டிக்குள் வயர் சூடேறித் தீப்பிடித்தது. பெட்டி எரிந்ததைவிட, அது மெழுகுபோல உருகிச் சொட்டிக் கீழே கிடந்த சாக்கையும் பற்றவைத்ததுதான் எங்களைப் பயமுறுத்தியது.

தீயைத் தணிக்கப் பிளாஸ்டிக்கில் ஏதாவது கலக்க வேண்டும். புரோமின் கலவைகள் வேண்டாம். அவற்றின் புகை பொல்லாதது. அலுமினியம் ஐதரொட்சைட்டு என்றால் எடையில் 60 சதவீதமளவு கொட்ட வேண்டும், பிறகு பெட்டி விசுக்கோத்துப்போல நொறுங்கும். ஆகவே மொன்ட்மொரிலோனைட் என்ற, மிக நுண்ணிய தகடுகளாகப் பிரியக்கூடிய நானோ களிமண்ணை 5 சதவீதம் கலந்து பார்த்தோம். அதன் மெல்லிய தகடுகள் எரியும் மேற்பரப்பில் கரியோடு சேர்ந்து படலமாகி, வெப்பம் வெளியேறும் வேகத்தைக் குறைக்கும். தீப்பற்றுவதையே அது தடுக்காது என்பதும் தெரியும்.

எங்கள் சிக்கல், களிமண் கட்டி கட்டியாகத் திரண்டு நிற்கிறது. எங்களிடம் இருப்பது பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் ஒற்றைத் திருகு இயந்திரம்; இரட்டைத் திருகு இயந்திரம்போல அது நன்றாகக் கலக்காது. மலேயிக் அன்ஐதரைட்டு ஒட்டிய பொலிபுறொப்பிலீனை, களிமண்ணும் பிளாஸ்டிக்கும் ஒட்டுவதற்கான இணைப்பானாக, எவ்வளவு சேர்க்கிறீர்கள்? 200 பாகை செல்சியசை அண்டினாலே களிமண் பிளாஸ்டிக்கோடு சேர்வதற்காக அதன்மேல் இருக்கும் சேதனப் பூச்சு சிதையத் தொடங்குகிறதே, வெப்பத்தை எங்கே நிறுத்துகிறீர்கள்? (தூளைக் கொட்டும்போது முகக்கவசம் போடச் சொல்லி மச்சானோடு தினமும் சண்டை.)

யாழ்ப்பாணத்தில் யாரிடமாவது இரட்டைத் திருகு இயந்திரம் இருந்தால் ஒருநாள் தந்து உதவுங்கள். கூலி தருவோம்.