புதுப்பிப்பு: எவர்சில்வர் பாத்திரத்தில் துருப்புள்ளியும் நீலக்கறையும்

ஊட்டி வீட்டில் எவர்சில்வர் பாத்திரங்களில் துருப்புள்ளி வருகிறது, அடியில் நீலமும் ஊதாவுமாகக் கறை படிகிறது, தூக்கிப் போட்டுவிடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். தேவையே இல்லை. இரண்டும் போய்விட்டன.

நீலக்கறை அழுக்கு அல்ல. எவர்சில்வரில் குறைந்தது 10.5% குரோமியம் இருக்கும். அது காற்றுப் பட்டு மெல்லிய ஆக்சைடு படலமாகி இரும்பைக் காக்கிறது. பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடானால் அந்தப் படலம் தடித்து வண்ணம் காட்டுகிறது. கொஞ்சம் வினிகர் விட்டுத் துடைத்ததும் பளிச்சென்று ஆகிவிட்டது. எலுமிச்சைச் சாறும் போதும்.

துருதான் எனக்குப் பெரிய கவலை. கம்பி நாரிலிருந்து உதிரும் இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும் என்று இங்கே சொன்னீர்கள், அதுவேதான். மழை மாதங்களில் கவிழ்த்து வைத்த பாத்திரம் மறுநாள் காலையிலும் ஈரமாகவே இருப்பதும் சேர்ந்துகொண்டது. சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்த்ததில் புள்ளிகள் மறைந்தன. இப்போது தேங்காய் நார்தான். கழுவியதும் துணியால் துடைத்துவிட்டே அடுக்குகிறோம்.

உப்பு விஷயத்தில் மட்டும் தயவுசெய்து கவனமாக இருங்கள். குளிர்ந்த நீரில் போட்ட கல்லுப்பு அடியில் தங்கினால் சிறு குழிகளாக அரித்துவிடும், அது எதைத் தேய்த்தாலும் போகாது. ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம், தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். அந்தக் கொதி வந்த பிறகு போட்டுக் கிளறினாலே போதும்.