ஸ்டீராய்டு சாப்பிடுகிறேன், எலும்புக்குக் கால்சியம் மட்டும் போதுமா?

நாகலூர்க்காரி:
வயது 46. ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறேன். லூபஸுக்காக (நோய் எதிர்ப்புச் சக்தி நம் உடம்பையே தாக்கும் நோய்) நாலைந்து மாதமாக ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 10 மில்லிகிராம். விரல் வீக்கம் வற்றிவிட்டது, பேனா பிடிக்க முடிகிறது. ஆனால் அம்மாவுக்கு வாசற்படியில் வழுக்கியே இடுப்பெலும்பு முறிந்தது, அதுதான் பயம். பக்கத்து வீட்டில் மாத்திரையை நிறுத்து என்கிறார்கள். கால்சியம் போட்டால் சரியாகிவிடுமா? இங்கே மழைக்காலத்தில் வெயிலைப் பார்ப்பதே அபூர்வம்.

அம்மாபேட்டை அக்கா:
தங்கச்சி, நீங்களாக மட்டும் நிறுத்திவிடாதீர்கள். மாதக்கணக்கில் சாப்பிட்ட பிறகு உடம்பு சொந்தமாக ஸ்டீராய்டு சுரப்பதைக் குறைத்துவிடும். டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஸ்டீராய்டால் எலும்பு வேகமாகத் தேய்வது, அதைத் தொடங்கிய முதல் 3-6 மாதத்தில்தான். அதனால் அடுத்த முறை சேலம் இறங்கும்போது எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் பற்றிக் கேளுங்கள், அம்மாவின் முறிவையும் மறக்காமல் சொல்லுங்கள்.

எனக்கு முடக்குவாதம். ஸ்கேனில் முதுகெலும்பு அடர்த்தி குறைவு என்று வாரம் ஒருமுறை அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராம் என்ற எலும்பு மாத்திரை கொடுத்தார்கள். ஞாயிறு காலை வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரோடு. பிறகு அரை மணி நேரம் படுக்கக் கூடாது, காபியும் கூடாது. படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகிவிடும். நான் அந்த நேரத்தில் வாசல் கூட்டிக் கோலம் போட்டுவிடுவேன். காபித் தோட்டத்தில் இருந்துகொண்டு நீங்கள் எப்படித் தாங்குவீர்களோ!

சூரமங்கலம் மருந்தாளுநர்:
கால்சியம் சாப்பாட்டையும் சேர்த்து நாளைக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் இருந்தால் போதும். 100 கிராம் ராகியிலேயே சுமார் 350 இருக்கிறது. களியும் மோரும் சாப்பிடுகிறவர்கள் மாத்திரையை அள்ளிப் போட வேண்டியதில்லை. கால்சியம் மாத்திரையில் கார்பனேட் வகையைச் சாப்பாட்டோடு போடுங்கள். தைராய்டு மாத்திரை இருந்தால் 4 மணி நேர இடைவெளி விடுங்கள். வைட்டமின் டி 60,000 யூனிட் பாக்கெட்டைத் தினமும் கலக்கிக் குடித்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கிறேன். அது பெரும்பாலும் வாரம் ஒன்றுதான், சீட்டைப் பாருங்கள். லூபஸ் என்பதால் எலும்பு மாத்திரைக்கு முன் சிறுநீரகத்தையும் பார்ப்பார்கள்.

நாகலூர்க்காரி:
ரொம்ப நன்றிங்க. கடைவாய்ப் பல் ஒன்று பிடுங்க வேண்டியிருக்கிறது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாமா?

சூரமங்கலம் மருந்தாளுநர்:
வேண்டாங்க, முதலில் பல். அலெண்ட்ரோனேட் வகை எலும்பு மாத்திரை சாப்பிடும்போது பல் பிடுங்கினால் அபூர்வமாகத் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். இரண்டு டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.